வெள்ளத்தில் நின்ற கார்: சாவியைத் திருப்பும் முன் பார்க்க வேண்டியவை

கார் வெள்ளத்துக்குள் நின்றுவிட்டதா? முதலில் சாவியில் இருந்து கையை எடுங்கள். பட்டன் ஸ்டார்ட் உள்ள கார் என்றால் அந்தப் பட்டனைத் தொடவே வேண்டாம். மிச்சத்தை வாசித்துவிட்டு ஆறுதலாக முடிவெடுக்கலாம், ஏனென்றால் தண்ணீர் புகுந்த என்ஜின் சும்மா நிற்கிற நேரத்தில் பெரிதாக எதுவும் உடைவதில்லை, நாம் அதைத் திரும்பச் சுற்ற வைக்கும்போதுதான் உடைகிறது.

ஏன் என்று தெரிந்தால் கை தானாகவே அடங்கும். பிஸ்டன் மேலே ஏறும்போது சிலிண்டருக்குள் இருக்கும் காற்றை நசுக்குகிறது. காற்று நசுங்கும், தண்ணீர் நசுங்காது. கொழும்பில் எங்கே பார்த்தாலும் நிற்கும் வேகன் ஆரையே எடுங்கள். 658 சிசி, மூன்று சிலிண்டர், அதாவது ஒரு சிலிண்டருக்குச் சுமார் 219 சிசி. பிஸ்டன் உச்சிக்கு வரும்போது அதற்கு மேலே மிஞ்சும் இடம் 20 மில்லிலீற்றரைச் சுற்றித்தான் வரும். பாணி மருந்து குடிக்கும் மூடியால் இரண்டு மூடி, அவ்வளவுதான். அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தண்ணீர் உள்ளே இருந்தால் பிஸ்டன் உச்சிக்கு வர முடியாமல் முட்டும், அந்த அடியைப் பிஸ்டனைத் தாங்கும் கொன்ரொட் வாங்கிக்கொண்டு வளையும். வளைந்த கொன்ரொட்டை நிமிர்த்திப் போட முடியாது, என்ஜினைப் பிரித்தாக வேண்டும்.

இதை நான் அனுபவித்துத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு ஒக்டோபர் மாதப் பின்னேரம், வேலை விட்டு வரும் நேரம், தும்முல்லை சந்தியில் தண்ணீர் நின்றது. முன்னால் போன பஸ் கிளப்பிய அலை என் பொனட்டுக்கு மேலால் வந்தது, கார் நின்றது. பின்னால் எல்லாரும் ஹோர்ன் அடிக்கிறார்கள், பதற்றத்தில் இரண்டு தடவை ஸ்டார்ட் அடித்தேன். இரண்டாவது தடவை உள்ளே ஒரு சத்தம் கேட்டது, மூன்றாவது சிலிண்டரின் கொன்ரொட் போய்விட்டது. அதே மழையில் எங்கள் ஒழுங்கையில் இருக்கும் அக்கா ஒருவரின் காரும் கிருலப்பனையில் நின்றது. அவர் சாவியைக் கழற்றிக் கைப்பையில் போட்டுவிட்டுத் திரீவீலில் வீட்டுக்கு வந்தார். அவருக்குச் செலவு ஒரு செட் பிளக், ஒரு எயார் பில்டர், இரண்டு தடவை ஒயில். இன்றைக்கும் அதே என்ஜினில்தான் ஓடுகிறார்.

சரி, இனி உங்கள் காரில் என்ன நடக்கிறது என்பதைப் பார்த்து அந்தந்த இடத்துக்குப் போங்கள்.

தண்ணீருக்குள் ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்றுவிட்டது

நின்ற விதத்தை நினைவுபடுத்துங்கள், கராஜ் பாஸ் (மெக்கானிக்) முதலில் கேட்கப் போவதும் அதைத்தான். இருமி, திக்கித் திக்கி நின்றதென்றால் பெரும்பாலும் வயர், பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் கொயில், சென்சர் எங்கேயோ ஈரம் பட்டிருக்கும். ஆள் ஒருவர் கையால் பிடித்து நிறுத்தியதுபோல ஒரே அடியில் நின்றதென்றால், அதுவும் 'டொம்' என்று ஒரு சத்தத்தோடு என்றால், தண்ணீரை உறிஞ்சிவிட்டது என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

உடனே செய்ய வேண்டியது காரை மேட்டுக்குக் கொண்டுபோவது. கியரை நியூட்ரலில் போட்டுத் தள்ளுங்கள். கொழும்பில் இதற்கு ஆள் கூப்பிடத் தேவையில்லை, ஒழுங்கைக்குள் இருந்து நாலு பெடியன்கள் தாங்களாகவே இறங்கி வருவார்கள், அது இந்த ஊரின் நல்ல குணம். ஆனால் அவர்களில் ஒருவர் கட்டாயம் "அண்ணே, செகண்ட் கியர்ல போட்டு கிளச்சை விடுங்க, பத்தும்" என்பார். வேண்டாம் என்று சொல்லுங்கள். தள்ளி ஸ்டார்ட் பண்ணுவது ஸ்டார்ட்டரால் அடிப்பதைவிட மோசம், காரின் முழுப் பாரமும் சேர்ந்து கொன்ரொட்டை இடிக்கும். தள்ளும்போது ரோட்டோரம் போகாதீர்கள், தண்ணீருக்கு அடியில் மூடி கழன்ற வடிகானும் மேன்ஹோலும் கண்ணுக்குத் தெரியாது. தண்ணீர் ஏறிக்கொண்டே வருகிறது, இழுக்கிறது என்றால் காரை விட்டுவிட்டு ஆள் முதலில் வெளியே வாருங்கள்.

மேட்டுக்கு வந்தபிறகு ஒரே ஒரு சோதனை: எயார் பில்டர் பெட்டியைத் திறவுங்கள். பல கார்களில் இரண்டு, மூன்று கிளிப்தான், கையாலேயே திறக்கலாம். பில்டரும் பெட்டியின் அடியும் காய்ந்திருந்தால் பெரிய நிம்மதி, தண்ணீர் சிலிண்டருக்குள் போயிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. பில்டர் ஈரம், அதற்கு அப்பால் என்ஜினுக்குப் போகும் குழாயின் உட்பக்கமும் ஈரம் என்றால் பிளக் கழற்றாமல் அந்த என்ஜினைச் சுற்றவே கூடாது. இந்தச் சோதனைக்கு ஐந்து நிமிடம் போதும், காசு எதுவும் செலவில்லை, நான் அன்றைக்குச் செய்யாமல் விட்டதும் இதைத்தான்.

வீட்டுக்கோ கராஜுக்கோ கொண்டுபோகும்போது ஓட்டோ கியர், சிவிடி, ஹைபிரிட் கார்களைக் கயிறு கட்டி இழுக்க விடாதீர்கள், கார் ஏற்றும் கரியர் லொறியில் முழுதாக ஏற்றச் சொல்லுங்கள். ஓட்டும் சில்லுகள் ரோட்டில் உருண்டால் கியர் பொக்ஸும் கெடும், ஹைபிரிட்டில் மோட்டரும் சேர்ந்து சுற்றும்.

சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம், வேறொன்றும் இல்லை

திருப்பியாயிற்று என்றால் இனித் திருப்பாதீர்கள். இந்தச் சத்தத்துக்கு இரண்டு காரணம் இருக்கலாம். டாஷ்போட் லைட் மங்கி அணைந்தால் பற்றரி இறங்கியிருக்கலாம், அல்லது பற்றரி முனையில் ஈரமும் களிம்பும் இருக்கலாம். லைட் பிரகாசமாகவே இருந்து ஸ்டார்ட்டர் முட்டி நின்றால் உள்ளே தண்ணீர் பூட்டிக்கொண்டிருக்கலாம். வெள்ளத்துக்குள் போய் வந்த காரில் சந்தேகம் இருந்தால் இரண்டாவது என்றே நினையுங்கள். பக்கத்துக் காரில் இருந்து வயர் போட்டு 'ஜம்ப்' பண்ண யாராவது முன்வந்தால், நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள், கூடுதல் பலத்தோடு சுற்றினால் கூடுதல் பலத்தோடு வளையும்.

தண்ணீரை எடுக்கும் முறை இதுதான், கையில் சாமான் இருந்து பழக்கமும் இருந்தால் நீங்களே செய்யலாம், இல்லாவிட்டால் பாஸ் செய்யும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். பற்றரியின் மைனஸைக் கழற்றுங்கள். கொயில்களின் சொக்கட்டைக் கழற்றி, பிளக் குழிக்குள் தேங்கிய தண்ணீரை முதலில் காற்றடித்து வெளியே எடுங்கள், இல்லையென்றால் பிளக்கைக் கழற்றியவுடன் அந்தத் தண்ணீரும் உள்ளே போகும். பிறகு எல்லாப் பிளக்கையும் கழற்றுங்கள், ஒன்றுகூட விடாமல். பெற்றோல் பம்பின் ரிலேயை அல்லது பியூஸைப் பிடுங்கிவிடுங்கள், கழற்றிய கொயில்களைத் திரும்ப மாட்டாதீர்கள், பெற்றோல் ஆவியும் தீப்பொறியும் ஒரே இடத்தில் சந்திக்கக் கூடாது.

இனிக் கிராங் கப்பியின் (பெல்ட் ஓடும் சில்லின்) நட்டில் ரட்செட் போட்டுக் கையால் சுற்றுங்கள், என்ஜின் ஓடும் திசையிலேயே. முழுதாக இரண்டு சுற்று வந்தால் எல்லாச் சிலிண்டரும் ஒரு தடவை மேலே ஏறி இறங்கியிருக்கும். தண்ணீர் பிளக் துளையால் வெளியே வரும். கையால் சுற்றும்போது எங்கேயாவது இரும்பு இரும்போடு முட்டுவதுபோல நின்றால் அதற்கு மேல் அழுத்த வேண்டாம், அது பிரித்துப் பார்க்க வேண்டிய என்ஜின். இலேசாகச் சுற்றினால் பற்றரியை மாட்டி, ஸ்டார்ட்டரால் இரண்டு மூன்று செக்கன் வீதம் சில தடவை சுற்றுங்கள். அந்த நேரம் பொனட்டுக்கு மேலே முகத்தை நீட்டிக்கொண்டு யாரும் நிற்கக் கூடாது, தண்ணீர் குழாயில் இருந்து பீச்சுவதுபோல வரும். ஈரம் நின்றதும் ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் ஒரு தேக்கரண்டி என்ஜின் ஒயில் விடுங்கள்.

இதையெல்லாம் அடுத்த ஞாயிறு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். சிலிண்டர் சுவரில் துருப்பிடிக்க ஒரு நாள், இரண்டு நாள் போதும், கொழும்பின் புழுக்கத்தில் உள்ளே புகுந்த ஈரம் தானாகக் காயாது. கராஜில் வரிசை நீளம் என்றாலும் "பிளக்கை மட்டும் இன்றைக்கே கழற்றி ஒயில் விட்டுவிடுங்கோ" என்று கெஞ்சிக் கேட்டாவது செய்வியுங்கள்.

ஸ்டார்ட் பண்ணும் முன் கொம்பிரஷன், அதாவது ஒவ்வொரு சிலிண்டரும் காற்றை நசுக்கும் அழுத்தம், பார்க்கச் சொல்லுங்கள். தனித்தனி எண்ணைவிட, சிலிண்டர்களுக்கிடையே எவ்வளவு வித்தியாசம் என்பதுதான் முக்கியம். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட 10, 15 சதவீதத்துக்கு மேல் குறைவாக இருந்தால் அந்தக் கொன்ரொட் வளைந்து, பிஸ்டன் முன்புபோல மேலே வராமல் இருக்கலாம். போனில் மாட்டும் சின்னக் கெமரா இருந்தால் பிளக் துளையால் விட்டுப் பாருங்கள்: சிலிண்டரின் மேல் விளிம்பில் கரிக்கோடு வழக்கமாக ஒடுக்கமாக இருக்கும், ஒரு சிலிண்டரில் மட்டும் அது அகலமாகத் தெரிந்தால் பிஸ்டன் கீழேயே நிற்கிறது என்று அர்த்தம்.

டீசல் கார் என்றால் பிளக் இல்லை, குளோ பிளக்கையோ இன்ஜெக்டரையோ கழற்ற வேண்டும். டீசலில் காற்றை இன்னும் கூடுதலாக நசுக்குவதால் மேலே மிஞ்சும் இடமும் அதற்கேற்பக் குறைவு, கொஞ்சத் தண்ணீருக்கே கொன்ரொட் போகும். அதை வீட்டில் தொடாமல் கராஜுக்கே அனுப்புங்கள்.

நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் பத்துவதில்லை

பில்டரும் குழாயும் காய்ந்திருப்பதை உறுதிப்படுத்தியபிறகு மட்டும் இங்கே வாருங்கள். கொயில், கிராங் சென்சர், பியூஸ் பெட்டி, இந்த மூன்றின் சொக்கட்டையும் கழற்றி டயர் கடைக் கொம்பிரசரால் காற்றடித்துக் காய வையுங்கள். இலத்திரனியல் பாகத்துக்குரிய கிளீனர் ஸ்பிரே அடித்தால் இன்னும் நல்லது. இதிலேயே நிறையக் கார்கள் பத்திவிடும். பத்தி, கொஞ்சத் தூரம் ஓடி, திரும்ப நின்றால் பெற்றோல் டாங்கிக்குள் தண்ணீரைச் சந்தேகியுங்கள். தண்ணீர் பெற்றோலைவிடப் பாரம், அடியில் போய் நிற்கும், பம்பும் அடியில் இருந்துதான் உறிஞ்சுகிறது. ஒரு போத்தலில் கொஞ்சம் எடுத்து அசையாமல் வைத்தால் இரண்டு படையாகப் பிரிந்து காட்டும். அப்படியானால் டாங்கியை இறக்கிக் கழுவ வேண்டும்.

ஸ்டார்ட் ஆகிறது, ஆனால் நடுங்குகிறது, இழுவை இல்லை

ஒரு சிலிண்டர் வேலை செய்யவில்லை. கொயிலுக்கு அடியில், பிளக் குழிக்குள் தண்ணீர் இருப்பதே வழக்கமான காரணம், வெள்ளத்துக்குப் போகாமல் பெட்ரோல் செட்டில் பொனட்டைத் திறந்து பிரஷர் வோஷ் அடித்தவர்களுக்கும் இது வரும். காய வைத்தால் சரியாகிவிடும், கொயில் வெடித்திருந்தால் மாற்ற வேண்டும். பல கார்களில் என்ஜின் லைட் விட்டுவிட்டு மின்னினால் எரியாத பெற்றோல் புகைக்குழாய்க்குள் போகிறது, அங்கே புகையைச் சுத்தமாக்கும் கற்றலிட்டிக் கொன்வேட்டர் சூடேறிக் கெட்டுப்போகும், அதனால் "ஓட ஓடச் சரியாகும்" என்று நினைத்து ஹைலெவல் வீதி முழுக்க ஓட்டிப் பார்க்க வேண்டாம். காய வைத்தபிறகும் அதே சிலிண்டர் நடுங்கினால் கொம்பிரஷன் பாருங்கள்.

டிப் ஸ்டிக்கில் ஒயில் பால் தேத்தண்ணி நிறம்

ஒயில் மட்டம் பார்க்கும் கம்பியில் இந்த நிறம் தெரிந்தால் ஒயிலோடு தண்ணீர் கலந்துவிட்டது. இந்த ஒயிலால் பெயாரிங்கைக் காப்பாற்ற முடியாது, ஒரு நிமிடம்கூட ஓட்டாதீர்கள். இன்னும் கலக்காமல் தண்ணீர் தனியாக இருந்தால் அது அடியில் நிற்கும், ஒயில் நட்டைக் கழற்றியதும் முதலில் தண்ணீர்தான் வரும், எவ்வளவு வருகிறது என்று பாருங்கள். முழுக்க வடித்து, பில்டரையும் மாற்றி, மலிவான ஒயில் ஊற்றி ஐந்து பத்து நிமிடம் சும்மா ஓடவிட்டு, திரும்ப வடியுங்கள். நிறம் தெளியும் வரை இதைச் செய்யுங்கள், வழக்கமாக இரண்டு, மூன்று தடவை வேண்டும். அதன் பிறகுதான் நல்ல ஒயில். முதல் தடவையே விலை கூடிய ஒயிலை ஊற்றி வீணாக்க வேண்டாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இதில் நிறையப் பேர் தேவையில்லாமல் பயந்துபோகிறார்கள். ஒயில் ஊற்றும் மூடிக்கு அடியில் மட்டும் கொஞ்சம் மஞ்சள் கலந்த கிரீம் மாதிரி இருக்கிறது, டிப் ஸ்டிக்கில் ஒயில் சுத்தமாக இருக்கிறது என்றால் அது பெரும்பாலும் வெள்ளமும் இல்லை, ஹெட் கேஸ்கட்டும் (என்ஜின் பிளொக்குக்கும் மேலே உள்ள ஹெட்டுக்கும் இடையில் கசியாமல் அடைக்கும் தகடு) இல்லை. வெள்ளவத்தையில் இருந்து பம்பலப்பிட்டிக்குப் பிள்ளையை ஸ்கூலில் விட்டுவிட்டுத் திரும்பி வரும் கார் சூடேற முன்பே நிறுத்தப்படுகிறது, உள்ளே உள்ள ஈரம் ஆவியாகிப் போக வழியில்லை. கிழமைக்கு ஒரு தடவை நெடுஞ்சாலைப் பக்கம் அரை மணித்தியாலம் ஓட்டிப் பாருங்கள், குறையும்.

வெள்ளத்துப் பக்கமே போகவில்லை, ஆனாலும் ஒயில் வெள்ளை

அப்படியென்றால் தண்ணீர் காருக்குள்ளேயே இருந்து வருகிறது. ரேடியேட்டர் தண்ணீர் காரணமில்லாமல் குறைகிறதா, சூடேறியபிறகும் சைலன்சரில் வெள்ளைப் புகை இனிப்பு வாசத்தோடு வருகிறதா, ஹீட் முள் ஏறுகிறதா, ரேடியேட்டருக்குள் குமிழி வருகிறதா? இவற்றில் இரண்டு இருந்தாலே ஹெட் கேஸ்கட்டைப் பாருங்கள். ரேடியேட்டர் வாயில் வைத்துப் பார்க்கும் நீலத் திரவச் சோதனை ஒன்று இருக்கிறது, எரிந்த வாயு கலந்திருந்தால் நிறம் மஞ்சளாக மாறும், ஹெட்டைக் கழற்றும் முன் அதைச் செய்யச் சொல்லிக் கேளுங்கள். சூடான என்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. அப்புறம், கூலன்டுக்குப் பதிலாக வருடக்கணக்கில் குழாய்த் தண்ணீர் ஊற்றிவரும் பழக்கம் நம்மிடையே இருக்கிறது, அலுமினியம் ஹெட் அரித்துப்போக அது பெரிய காரணம், இன்றைக்கே நிறுத்துங்கள்.

ஓடுகிறது, ஆனால் 'டொக் டொக்' என்று அடிக்கிறது

வெள்ளத்துக்குப் பிறகு புதிதாக வந்த எந்த இடிச் சத்தத்தையும் நம்ப வேண்டாம். கொஞ்சம் வளைந்த கொன்ரொட் உடனே உடையாது. சில கிழமை, சில மாதம் ஓடிவிட்டு, அவிசாவளைப் பாதையில் வேகமாகப் போகும்போது உடைந்து பிளொக்கைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். அப்போது காப்புறுதிக்காரரிடம் "அது அந்த வெள்ளத்தில் நடந்தது" என்று நிரூபிப்பது மிகவும் கஷ்டம். அதனால் சத்தம் இல்லாவிட்டாலும்கூட, தண்ணீர் உறிஞ்சிய என்ஜினுக்குக் கொம்பிரஷன் எண்களை எழுத்தில் வாங்கி வையுங்கள். ரீகண்டிஷன் என்ஜின் போட வேண்டி வந்தால் பழைய வாகனப் பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தையில் வாங்கும்போது அந்த என்ஜினிலும் ஒயில் மூடியைத் திறந்து, பிளக் துளையால் பார்த்து, துரு இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

நிறுத்தி வைத்த இடத்தில் வெள்ளம் ஏறி வடிந்துவிட்டது

வெல்லம்பிட்டிய, கொலன்னாவைப் பக்கம் இருப்பவர்களுக்கு இதைப் பற்றி நான் புதிதாகச் சொல்லத் தேவையில்லை, 2016 மே மாதம் அங்கே நாள்கணக்கில் தண்ணீர் நின்றது. ஓடாத கார் தண்ணீரை உறிஞ்சாது, ஆனால் தண்ணீர் பொனட் மட்டத்துக்கு ஏறியிருந்தால் மெல்ல மெல்ல எல்லாத் துளையாலும் உள்ளே போயிருக்கும். தொடும் முன் போட்டோ எடுங்கள்: கதவில் சேற்றுக்கோடு, சீட்டில் ஈரம் எந்த மட்டம், எயார் பில்டர், மீற்றரில் கிலோமீற்றர் தெரிந்தால் அதுவும். காப்புறுதியின் ஹொட்லைனுக்கு அழைத்து ஆளை வரச் சொல்லுங்கள். மூன்றாம் தரப்புக் காப்புறுதியில் இதற்கு ஒன்றும் கிடைக்காது, முழுக் காப்புறுதியிலும் வெள்ளம் சேர்த்து எடுத்திருக்கிறீர்களா என்று பொலிசியைப் பாருங்கள். அவர்கள் வரும் முன் நீங்கள் ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தால், உடைந்தது உங்களால்தான் என்று சொல்ல இடம் கொடுத்துவிடுவீர்கள்.

அக்வா, பிரியஸ் போன்ற ஹைபிரிட் என்றால் பின் சீட்டுப் பக்கம் இருக்கும் பெரிய பற்றரிக்குத் தண்ணீர் ஏறியதா என்பதுதான் முதல் கேள்வி. அக்வாவில் 144 வோல்ட், பிரியஸில் 200 வோல்ட் அளவு. செம்மஞ்சள் வயர் எதையும் தொட வேண்டாம், பழகிய ஹைபிரிட் பாஸ் வரும் வரை கார் அப்படியே இருக்கட்டும். "ஹைபிரிட்தானே, மோட்டரில் நகர்த்தலாம்" என்று பட்டனை அழுத்தி 'ரெடி' லைட்டை எரிய வைக்காதீர்கள், எப்போது என்ஜினைச் சுற்றலாம் என்று முடிவெடுப்பது கார், நீங்கள் இல்லை.

என்ஜினைச் சரிசெய்தபிறகும் கியர் பொக்ஸை மறந்துவிடாதீர்கள், அதற்கும் மூச்சுக்குழாய் இருக்கிறது, சூடான பெட்டி தண்ணீரில் குளிர்ந்தால் உள்ளிழுக்கும். ஓட்டோ கியர் ஒயில் ரோஸ் மில்க் நிறத்தில் இருந்தால் ஓட்டாமல் மாற்றுங்கள், சிவிடிக்கு அந்தக் காருக்குரிய ஒயிலை மட்டும். கார் திரும்ப ஓடத் தொடங்கியதும் பிரேக்கை இலேசாக மிதித்தபடி கொஞ்சத் தூரம் ஓட்டினால் காயும். கார்ப்பெட்டை முழுக்க வெளியே எடுத்துக் காய வையுங்கள், பல கார்களில் சீட்டுக்கு அடியில் எயார்பேக் சொக்கட்டுகள் இருக்கின்றன, அங்கே ஈரம் தங்கக் கூடாது.

கடைசியாக, எல்லாம் நன்றாக ஓடுகிறது என்றாலும் 1000 கிலோமீற்றரில் ஒயிலைத் திரும்ப மாற்றி, வடித்த ஒயிலில் கொஞ்சத்தை வெள்ளைத் துணியில் ஊற்றி வெயிலில் பிடித்துப் பாருங்கள். கறுப்பாக இருந்தால் பரவாயில்லை. பொடிப்பொடியாக மின்னினால் பெயாரிங் தேய்கிறது, அன்றைக்கே பாஸிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.